நார்வேயிலிருந்து வந்த அடி

நார்வே நாட்டில் ஜெயந்தினி தாளம் தப்பித் தவிலில் அடித்த ஓர் அடி, மேலப்பொட்டலில் உலகுராஜின் தாடையில் வந்து விழுந்தபோது, அவன் தன் பெண்டாட்டி பிரம்மசக்தியின் தலைமுடியைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு மாமியார் வீட்டு நடுக்கூடத்தில் நின்று, எந்தக் காலால் மிதிப்பது என்று யோசிப்பவன் போல ஒரு கணம் தாமதித்திருந்தான். போனுக்குள் டொம் என்றது. அவன் தாடை ஒரு பக்கமாகத் திரும்பியது. கடைவாய்ப் பல் ஒன்று தெறித்து வாசல் தாண்டித் தெருவில் போய் விழுந்தது.

யார் அடித்தது என்று சுற்றுமுற்றும் பார்த்தான். யாரும் இல்லை. மாமியார் ஆவுடைத்தங்கம் சுவரோரம் பாயில் உட்கார்ந்து, முக்காலியில் சாத்தி வைத்த போனைப் பார்த்தபடி, கண்ணீர் வழிய வழியத் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து போய் மகளை விலக்கத்தான் அவளுக்கு மனம் பதைத்தது. ஆனால் அது வகுப்பு நேரம்; பாதியில் அறுந்தால் இந்த மாணவியும் வேறு ஆளைத் தேடிப் போய்விடுவாளோ என்ற பயம் ஒரு பக்கம், வீட்டுச் சண்டை சீமை வரைக்கும் தெரிந்துவிடுமே என்ற வெட்கம் ஒரு பக்கம், இரண்டுக்கும் நடுவில் கைக்கு வேறு என்ன வேலை கொடுப்பது என்று தெரியாமல் அது தாளத்தையே போட்டுக்கொண்டிருந்தது. ஜெயந்தினி தகிட தகதிமி என்று ஏழு எண்ணிக்கை வாசித்துக்கொண்டிருந்தாள். ஏழாவதை அவள் சுற்றுக்குச் சுற்று முந்தி அடித்துவிடுவாள். அடுத்த சுற்றிலும் முந்தினாள். உலகுராஜின் தோள்பட்டை இறங்கியது. அதற்கடுத்த சுற்றிலும் முந்தினாள். அவன் விலா எலும்பு காய்ந்த சுள்ளி போல முறிந்தது கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது. முடியை விட்டான், செருப்பையும் விட்டான், தெருவில் இறங்கி ஓடினான்.

எதிர்வீட்டு வாசலில் வடை சுட்டு விற்கும் சொர்ணத்தாய் கரண்டியோடு எழுந்து வந்து, தரையைப் பார்த்துச் சொன்னாள்: "யக்கா, ஒம் மருமவன் பல்லு இங்க கெடக்கு. எடுத்து வைக்கவா, தூரப் போடவா?"

போனுக்குள் ஜெயந்தினி வாசிப்பை நிறுத்திவிட்டு முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்தாள்.

"ஏனக்கா அழுறீங்கள்? அவ்வளவு நல்லாவோ வாசிச்சனான்?"

ஆவுடைத்தங்கம் தன் பக்கத்து மைக்கைத் திறந்தாள். மாணவர் வாசிக்கும்போது அதை மூடி வைப்பது இந்த வகுப்பின் வழக்கம். அங்கே அடித்தது இங்கே வந்து சேரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். இங்கே போடும் தாளச் சத்தம் திரும்ப அங்கே போய்ச் சேர இன்னும் கொஞ்சம். இரண்டும் காதில் மோதினால் மாணவருக்குக் குழம்பிவிடும். அதனால் வாத்தியார் வாயை மூடிக்கொண்டு கையை மட்டும் காட்ட வேண்டும். அந்த வழக்கத்தால்தான் பிரம்மசக்தியின் அலறலும் உலகுராஜின் ஊளையும் நார்வேக்குப் போகவில்லை.

"ஆமா தாயி," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ரொம்ப நல்லாருந்துச்சு. இதே மாதிரி வாசி."

ஆவுடைத்தங்கம் கல்யாணங்களிலும் கோயில் கொடைகளிலும் தவில் வாசித்த பெண். நாலு ஊருக்குத் தெரிந்த கை. மினி பஸ் கவிழ்ந்து இடது தோள் இறங்கிப் போனதிலிருந்து மாப்பிள்ளை அழைப்புக்கு ஊர் சுற்றி நின்று வாசிக்க முடியாமல் போனது. பாயில் உட்கார்ந்து அரைமணி நேரம் சொல்லிக்கொடுக்க முடியும். பிரம்மசக்திதான் போனைப் பழக்கிவிட்டாள். சிங்கப்பூரில் ஒருவர், சார்ஜாவில் ஒருவர், கனடாவில் அப்பனும் மகளுமாக இருவர், நார்வேயில் ஜெயந்தினி. அரிசியும் பாலும் மகளுக்குப் போட்ட நகையும் அந்தப் போனிலிருந்துதான் வந்தன. அதனால் போனில் சார்ஜ் இருக்கிறதா, கரண்டு நிற்குமா, மழை வந்தால் டவர் போய்விடுமா, மாணவருக்கு அலுப்புத் தட்டிவிட்டதா என்று விடிந்ததிலிருந்து அவளுக்குக் கவலைதான். கவலைப்பட ஒன்றும் இல்லாத நாளில் ஏன் ஒன்றும் இல்லை என்று கவலைப்படுவாள்.

மேலப்பொட்டல் அந்த அதிசயத்தை ஒரு வாரத்துக்குள் பழகிக்கொண்டது. எப்படி வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. எங்கே விழுகிறது என்றுதான் கேட்டார்கள். வெள்ளாடு ஒன்று வாசலில் நின்று இடுப்பு ஒடிந்தது. பால்காரர் கேனோடு படியேறியவர் முழங்காலில் வாங்கிக்கொண்டு இறங்கினார். மற்ற மாணவர்கள் வாசிக்கும்போது ஒன்றும் வரவில்லை, ஜெயந்தினியின் குச்சி மட்டுமே வந்தது. தாளத்தில் விழுந்த அடி அங்கேயே அவள் தவிலில் தங்கிவிட்டது. தப்பிய அடிதான் தங்க இடமில்லாமல் கடல் தாண்டி இங்கே வந்து, கூடத்திலும் வாசலிலும் நிற்பவர்களில் யார் தாளம் போடவில்லையோ அவர்களில் ஒருவர் மேல் விழுந்தது. தாளம் போடுகிறவர்களைத் தொடவில்லை.

"நார்வேல இருந்து துட்டு வருது, மீனு வருது, ஆளு வருது," என்றார் வார்டு மெம்பர் சுடலைக்கண்ணு. "அடி வந்தா மட்டும் என்ன அதிசயம்?"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. தெரு தாளம் கற்றுக்கொண்டது. சாயங்காலம் ஐந்தரைக்கு அந்த வீட்டைக் கடக்கிறவர்கள், தண்ணீர்க் குடத்தோடு போகிற பெண்கள், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிற ஆண்கள், டியூசன் விட்டு வருகிற பிள்ளைகள், எல்லோரும் கை ஒழிந்த பக்கத்தில் தொடையிலோ குடத்திலோ பெல்லிலோ ஏழு எண்ணித் தட்டிக்கொண்டே போனார்கள். சொர்ணத்தாய் கரண்டியால் சட்டியைத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டே வடையைத் திருப்பிப் போட்டாள். தாளமே வராத ஒருவர், ஓய்வுபெற்ற கூட்டுறவு வங்கிக் கணக்கர், ஐந்தரைக்கு முன்னாலேயே வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவரைப் பார்த்துத் தெரு சிரித்தது.

உலகுராஜ் ஜே.சி.பி. ஓட்டுகிறவன். விலாவில் கட்டுப் போட்டுக்கொண்டு கிடந்த இடத்திலிருந்து சொல்லியனுப்பினான்: "அந்த நார்வேக்காரிக்கும் ஒரு நா தாளம் தப்பாம வாசிக்க வரும்லா? அன்னிக்கு வாரேன்னு சொல்லுங்க. அன்னிக்கு எம் பொண்டாட்டி தலை தனியா முண்டம் தனியா கெடக்கும்."

அவன் சொன்னால் செய்கிறவன். தன் சொந்த அண்ணன் கையை மண்வெட்டியால் வெட்டியவன். ஆனால் நார்வேக்காரி எந்த நேரம் குச்சியை எடுப்பாள் என்று தெரியாததால், வகுப்பில்லாத நேரத்திலும் அந்தத் தெருவுக்குள் வரப் பயந்தான்.

பிரம்மசக்தி அடுப்படிச் சுவரில் சாய்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். அடியில் வீங்கிய ஒரு கண் இன்னும் திறக்கவில்லை. சேதி கேட்டு, சுற்றுகிற கையை நிறுத்தாமல் கேட்டாள்: "எம்மா, அந்தம்மா குச்சியை எந்தக் கைல பிடிச்சிருக்கு?"

முதல் வகுப்பிலேயே ஆவுடைத்தங்கம் அதைக் கண்டுகொண்டிருந்தாள். தவிலில் இடது கைக்குக் குச்சி, வலது கை விரல்களுக்கு மாட்டிக்கொள்ளும் கூடு. எதிரே உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு அது கண்ணாடியில் பார்ப்பது போல மாறித் தெரியும். நேரில் என்றால் கையைப் பிடித்து மாற்றிவிடலாம். போனில் படிக்க வருகிறவர்கள் திரையில் தெரிகிற பக்கத்தையே பிடித்துக்கொள்வார்கள். ஜெயந்தினி அப்படித்தான் குச்சியை வலது கையில் பிடித்தாள். பிறவியிலேயே இடது கைக்காரர்கள் அப்படி வாசிப்பதுண்டு, அவர்களுக்கு அது தப்பில்லை. ஜெயந்தினி இடது கைக்காரி இல்லை. பலமான கையில் குச்சி, பழகாத கையில் விரல். குச்சி எப்போதும் முந்தும், விரல் எப்போதும் பிந்தும். அடுத்த வகுப்பில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள். அந்த அடுத்த வகுப்பில்தான் உலகுராஜின் பல் விழுந்தது.

"சொல்லிறாதம்மா," என்றாள் பிரம்மசக்தி.

சொல்லவில்லை.

ஒரு வருசம் போனது, இன்னொன்றும் போனது. ஜெயந்தினியின் வகுப்பு ஊரின் வகுப்பாகிவிட்டது. முதலில் பெண்கள் வந்தார்கள். குடித்துவிட்டு அடிக்கிற புருசனைப் பேச்சுக் கொடுத்துக் கூட்டிவந்து, கூடத்தில் உட்காரவைத்துக் கையில் காப்பி டம்ளரைக் கொடுத்தார்கள். இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்திருப்பவன் தாளம் போட மாட்டான். அவன் மூக்குச் சில்லு உடைந்து காப்பியில் ரத்தம் சொட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஏழு எண்ணித் தட்டினார்கள். ஆவுடைத்தங்கத்துக்கு அப்போது வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. பிறகு புருசன்மார் பெண்டாட்டிகளைக் கூட்டிவந்தார்கள். அண்ணன் தம்பிகள் சொத்துக் கேட்ட தங்கையைத் தூக்கிவந்தார்கள். செங்கல் சூளைக்காரர் வேலையை விட்டு ஓடப்பார்த்த ஆட்களை வரிசையாக உட்காரவைத்தார். மாமியார் மருமகளையும், மருமகள் மாமியாரையும் கூட்டிவந்து ஒரே பாயில் உட்காரவைக்க, இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்து முறைத்துக்கொண்டே தாளம் போட்டுத் தப்பித்ததும் உண்டு.

"நாங்க அடிக்கலயே," என்றார்கள் எல்லோரும். "நாங்க சும்மா தாளந்தான போட்டோம்."

மெம்பர் வாசலில் தகரப் பந்தல் போட்டுக் கொடுத்தார். அடிபட்டவர்களைத் தூக்கிப் போக ஒரு ஆட்டோ நிரந்தரமாக நின்றது. கூடத்துச் சுவரில் தெறித்த ரத்தத்தைக் கழுவிக் கழுவிச் சுண்ணாம்பு உரிந்ததால் சொர்ணத்தாய் சொல்லி ஆள் உயரத்துக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்தார்கள். கடைசியாக ஸ்டேசனிலிருந்து எஸ்.ஐ. வந்தார். அவர் கூட்டிவருகிறவர்களுக்குக் கை பின்னால் கட்டியிருக்கும்.

"லாக்கப்புல ஒரு கீறல் விழுந்தாலும் கேள்வி கேக்கான்," என்றார் அவர், நாற்காலியில் உட்கார்ந்து பூட்ஸ் காலால் தாளம் போட்டபடி. "இங்கன்னா சங்கீதம்."

இவ்வளவும் நடக்கும்போது போனின் பார்வையில் ஆவுடைத்தங்கத்தின் முகமும் கையும் மட்டும்தான் இருந்தன. மைக் மூடியிருந்தது. ஜெயந்தினி அந்தக் கையையே பார்த்துக்கொண்டு வாசித்தாள். அவள் முதியோர் இல்லத்தில் வயதானவர்களைக் குளிப்பாட்டிச் சோறூட்டும் வேலை பார்க்கிறவள். காலை வேலை முடிந்து குளிர்கோட்டைக் கழற்றாமலே வந்து உட்காருவாள். ஒரு தடவை சொன்னாள்: "எங்கட அண்ணையை அடிச்சே சாகடிச்சுப்போட்டாங்கள் அக்கா. அதுக்குப் பிறகு சத்தமெண்டாலே எனக்குப் பயம். தவில் பழகினாப் பிறகுதான் சத்தத்துக்குப் பயமில்லாமப் போச்சு." அதைக் கேட்டுவிட்டு ஆவுடைத்தங்கம் அன்று சாப்பிடவில்லை.

ஒருநாள் ஜெயந்தினி முகம் வாடி வந்தாள். அந்த ஊர் அம்மன் கோயில் தேருக்கு வாசிக்கப் பெண்கள் குழு ஒன்று சேர்ந்திருந்தது. அதிலிருந்து அவளை நிறுத்திவிட்டார்கள்.

"எனக்குத் தாளம் நிக்கேல்லையாம். இவ்வளவு காலம் பழகியும் என்ன பழகினனீ எண்டு கேக்கினம். நான் எங்கை பிழை விடுறனான் அக்கா? பிழையெண்டாச் சொல்லுங்கோ."

போனுக்குப் பின்னால் பாயில், கை கட்டப்பட்டு, அன்றைக்கான ஆள் உட்கார்ந்திருந்தான்.

"பிழையே இல்ல தாயி," என்றாள் ஆவுடைத்தங்கம். "அவங்களுக்குக் காது இல்ல. நீ இன்னுங்கொஞ்சம் அழுத்தி அடி."

அவமானமும் கோபமும் சேர்ந்து ஜெயந்தினி அன்று அழுத்தி அடித்தாள். அன்றைக்கான ஆளின் பெயர் கொம்பையா, சூளையில் மண் மிதிக்கிறவன், கோழி திருடியதாக யாரோ சொன்னார்கள். முதல் சுற்றில் அவன் உதடு கிழிந்தது. மூன்றாவது சுற்றில் காதிலிருந்து ரத்தம் வந்தது. தாளம் போட, கட்டப்பட்ட அவன் கைகள் முதுகுக்குப் பின்னால் துடித்தன. விரல்கள் காற்றில் ஏழு எண்ணப் பார்த்தன. "யம்மா, கட்ட அவுத்து விடச் சொல்லுங்கம்மா," என்றான் ஆவுடைத்தங்கத்தைப் பார்த்து. அவள் எஸ்.ஐ.யைப் பார்த்தாள். எஸ்.ஐ. பூட்ஸ் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொம்பையா பக்கவாட்டில் சாய்ந்தான். சாய்ந்த பிறகும் வகுப்பு முடியும்வரை அவன் உடம்பு ஏழுக்கு ஒரு தடவை குலுங்கியது.

நெஞ்சுவலி என்று எழுதிக்கொண்டு போனார்கள். தெரு அதையும் பழகிக்கொண்டது. "வகுப்புல செத்தா புண்ணியம்னு வைங்க," என்று யாரோ சொல்லப் பந்தலில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

மறுநாள் கொம்பையாவின் பெண்டாட்டி ராசகிளி வந்து வாசலில் உட்கார்ந்தாள். அழவில்லை. மண்ணை வாரித் தூற்றவில்லை. ஆவுடைத்தங்கம் பயந்து பயந்து ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். ராசகிளி தண்ணீரைத் தொடாமல் கேட்டாள்:

"அடிச்சது பொம்பளையாமே?"

"ஆமா."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாமயா இந்தப் போடு போட்டா?" ராசகிளி வாசலுக்குள் எட்டிச் சிவப்புச் சுவரைப் பார்த்தாள். "தெரிஞ்சவங்க நீங்க என்ன செஞ்சீங்க?"

ராசகிளி எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அடுப்படியிலிருந்து பிரம்மசக்தி வந்தாள். சுளகில் பீடி இலை அப்படியே கிடந்தது. "சொல்லிரும்மா," என்றாள்.

"எதை?"

"அந்தம்மாட்ட. கையை மாத்தச் சொல்லு. நடந்ததையும் சொல்லு."

"ஏட்டி, கிறுக்கா பிடிச்சிருக்கு? அடி நின்னா அவன் வருவான்லா?"

"வரட்டும்."

"வெட்டிப் போடுவான்!"

"எனக்கு விழவேண்டிய அடிக்கு ஊர்ல உள்ளவன் எல்லாம் வாங்குதான்," என்றாள் மகள். "எத்தனை பேரு செத்தா நான் உயிரோட இருக்கணும்? நீ கணக்குச் சொல்லு, கேட்டுக்கிடுதேன்."

அன்று முழுக்க ஆவுடைத்தங்கம் அடுப்பை மூட்டுவதும் அணைப்பதுமாக இருந்தாள். சொன்னால் மகள் போவாள், சொல்லாவிட்டால் யாரோ பெற்ற மகன் போவான், சொன்னால் வகுப்பு போகும், வகுப்பு போனால் சோறு போகும். எந்தப் பக்கம் புரண்டாலும் முள் குத்தியது. ஐந்தரைக்குப் போன் அடித்தபோது பந்தலில் இருந்தவர்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். மைக்கைத் திறந்தாள், மூடவில்லை.

"தாயி, குச்சியை இடது கைக்கு மாத்து."

"ஏனக்கா?"

"இத்தனை நாளும் நீ தப்பான கைல பிடிச்சிருக்க. எனக்கு மொத நாளே தெரியும்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். போனை எடுத்துச் சுவரைக் காட்டினாள், பாயைக் காட்டினாள், பந்தலைக் காட்டினாள், மகளின் நெற்றியில் இருந்த தழும்பைக் காட்டினாள். ஜெயந்தினி ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. எல்லாம் கேட்ட பிறகு தன் வலது கையைத் தூக்கி, அது யாருடையதோ என்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திரை இருண்டுவிட்டது.

அடுத்த வகுப்புக்கு அவள் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. மெம்பர் பந்தலைப் பிரித்துக்கொண்டு போனார். எஸ்.ஐ. ஜீப்பை நிறுத்தி, "வேற ஆளு புடிங்கம்மா. கனடாக்காரன் தேற மாட்டானா?" என்று கேட்டுவிட்டுப் போனார். தெருவில் கை ஓய்ந்தது. தண்ணீர்க் குடங்கள் சத்தமில்லாமல் போயின. வங்கிக் கணக்கர் ஐந்தரைக்கு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்தார்.

சேதி உலகுராஜுக்கு எட்ட அதிக நேரம் ஆகவில்லை. அவன் பகலோடு பகலாக, ஊர் பார்க்க, வகுப்பு நேரத்துக்கே வந்தான். வலது கையில் அரிவாள். இடது கை தொடையில் ஏழு எண்ணித் தட்டிக்கொண்டிருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று அவனும் கற்று வைத்திருந்தான். தெரு கதவுகளைச் சாத்திக்கொண்டது. சொர்ணத்தாய் மட்டும் சட்டியை விட்டு எழுந்து, "எய்யா, வேண்டாம்யா, போயிருய்யா," என்று கும்பிட்டாள். அவன் அவள் வடைச்சட்டியை எட்டி உதைத்தான். கொதித்த எண்ணெய் அவள் கால் இரண்டிலும் கொட்டிற்று.

"என்ன மாப்ள இப்படிப் பண்ணுதீய," என்றாள் ஆவுடைத்தங்கம், வாசலை மறித்துக்கொண்டு. அந்த நேரத்திலும் மரியாதை குறையவில்லை. அவன் அவளை முழங்கையால் இடித்துத் தள்ளினான். அவள் பாயில் போய் விழுந்தாள். பிரம்மசக்தி அடுப்படி நிலையில் நின்றுகொண்டிருந்தாள், ஓடவில்லை.

அப்போது போன் அடித்தது.

ஆவுடைத்தங்கம் விழுந்தபடியே கையை நீட்டித் தட்டினாள். ஜெயந்தினி திரையில் வந்தாள். தவில் மடியில் இருந்தது. கண்கள் வீங்கியிருந்தன. இங்கே மைக் திறந்திருந்ததால் அவளுக்கு எல்லாம் கேட்டது.

"அவனோ அக்கா? அவன்தானோ?"

"ஆமா தாயி. அரிவாளோட நிக்கான்."

"கமராவை அவன்ர பக்கம் திருப்புங்கோ. நீங்கள் தாளம் போடுங்கோ."

அவள் குச்சியைப் பழைய கைக்கு, வலது கைக்கு மாற்றினாள். ஆவுடைத்தங்கம் போனைத் திருப்பினாள். மறு கையால் தொடையில் தாளத்தைத் தொடங்கினாள். உலகுராஜ் நின்ற இடத்திலேயே ஒடுங்கித் தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, இடது கையால் வேகவேகமாகத் தொடையைத் தட்டினான். ஜெயந்தினி அவனைப் பார்த்துப் பல்லைக் கடித்து ஏழாவதை வேண்டுமென்றே முந்தி அடித்தாள். டொம். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுபடி அடித்தாள். ஐந்தாவதைத் தப்பவிட்டாள், மூன்றாவதைத் தப்பவிட்டாள், கண்டபடி அடித்தாள், அழுதுகொண்டே அடித்தாள். அவன் பயத்தில் தாளத்தை விட்டுவிட்டான், அப்போதும் ஒன்றும் விழவில்லை. தெரிந்து தப்பவிட்ட அடி தப்பிய அடி ஆகவில்லை. அது குறி வைத்த அடி. குறி வைத்த கைக்குக் கீழேயே, அவள் தவிலிலேயே விழுந்து தங்கிவிட்டது.

உலகுராஜ் மெல்ல நிமிர்ந்தான். பல் விழுந்த ஓட்டை தெரியச் சிரித்தான்.

"அவ்வளவுதானா ஒங்க நார்வே?" என்றான். "சங்கீதம் முடிஞ்சிதுல்லா அத்த? இப்ப நான் வாசிக்கேன்."

அவன் பிரம்மசக்தியைப் பார்த்து அரிவாளை ஓங்கினான். அவள் பின்னால் போகவில்லை. குனிந்து, அவன் ஓங்கிய கைக்கு அடியில் புகுந்து, தலையால் அவன் நெஞ்சில் முட்டினாள். அரிவாள் அவள் முதுகைக் கிழித்துக்கொண்டு போய் நிலைக்கட்டையில் பதிந்தது. அவன் பின்னால் கால் இடறி மல்லாந்தான், பிடரி தரையில் மோதியது. ரவிக்கை நனைந்து ரத்தம் இடுப்பில் இறங்க, அவள் அவன் மேல் ஏறி உட்கார்ந்தாள். கையில் ஒன்றும் இல்லை. வெறுங்கையை மடக்கி முகத்தில் குத்தினாள்.

போனுக்குள் தவில் முழங்கியது.

இன்னொரு குத்து. இன்னொரு முழக்கம். அவன் மூக்கு உள்ளே போனது. இடது கை, வலது கை, இடது கை. அவன் அவள் கழுத்தைப் பிடிக்கக் கையைத் தூக்கினான். அந்தக் கையைக் கடித்து விலக்கிவிட்டு மறுபடி குத்தினாள். அவள் வாயிலிருந்து சத்தமே வரவில்லை. தெருக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. வெந்த காலோடு சொர்ணத்தாய் வாசலில் தவழ்ந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

"அக்கா," என்று ஜெயந்தினி கூவினாள். "நான் அடிக்கேல்லை. இஞ்ச பாருங்கோ, என்ர ரெண்டு கையும் மேலை கிடக்கு. தவில் தானா முழங்குது அக்கா!"

ஆவுடைத்தங்கம் திரும்பிப் பார்த்தாள். திரையில் ஜெயந்தினி இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் தவிலின் தோல் தானே அதிர்ந்துகொண்டிருந்தது. தகிட தகதிமி. வாழ்நாளில் ஒருநாள்கூடத் தவிலைத் தொடாத மகள், எங்கேயும் முந்தாமல், எங்கேயும் பிந்தாமல், ஒரு மயிரிழை பிசகாமல் அடித்துக்கொண்டிருந்தாள். தாயின் கை தானாகவே போய்த் தொடையில் தாளம் போடத் தொடங்கியது.

உலகுராஜின் கால்கள் தரையில் தேய்ந்து ஓய்ந்துகொண்டிருந்தன. போதும்டி, விடுடி, செத்துருவான் என்று சொல்ல ஆவுடைத்தங்கம் வாயெடுத்தாள். ஆனால் அந்தச் சுற்று இன்னும் முடிந்திருக்கவில்லை.